‘யீல்டு’: விளைந்தும் கொடுக்கும், வளைந்தும் கொடுக்கும் ஒரு சொல்

சேலம் அஸ்தம்பட்டியில் நான் நடத்தும் மாலை நேர ஆங்கில வகுப்பில் ஒரு மாணவர் மொழிபெயர்த்துக் கொண்டுவந்த வரி இது: ‘ஏற்காட்டில் காபித் தோட்டங்கள் இந்த ஆண்டு நன்றாகச் சரணடைந்தன.’ வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கையடக்க அகராதியைப் பிரித்து என் முன் வைத்தார். ‘யீல்டு’ (yield) என்ற சொல்லுக்கு நேரே முதல் பொருளாக ‘பணி, சரணடை’ என்றுதான் அச்சாகியிருந்தது. மறு வாரம் இன்னொருவர் எதிர்த்திசையில் வழுக்கினார். ஜீப் ஓட்டுநர் பஸ்ஸுக்கு வழிவிட்டார் என்று வரவேண்டிய இடத்தில், ‘ஜீப் ஓட்டுநர் பஸ்ஸுக்கு மகசூல் கொடுத்தார்’ என்று எழுதியிருந்தார்.

இருவர் மேலும் தவறில்லை. அகராதிகள் இந்தச் சொல்லை இரண்டு தனித்தனிச் சொற்கள்போலக் கூறுபோட்டுக் காட்டுகின்றன: ஒருபக்கம் விளைச்சல், மறுபக்கம் பணிவு. இரண்டுக்கும் என்ன உறவு என்று சொல்வதில்லை. உறவு தெரியாமல் மனப்பாடம் செய்தால் சரணடையும் காபித் தோட்டங்கள்தான் மிஞ்சும். ஆகவே உறவிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படி: இரண்டு பொருள் அல்ல, ஒன்று

பழைய ஆங்கிலத்தில் இந்த வினைக்கு ‘செலுத்து’ என்று பொருள். கடனைச் செலுத்துவது, கப்பம் கட்டுவது. ஜெர்மன் மொழியில் பணத்தைக் குறிக்கும் ‘கெல்ட்’ என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். நிலம், உழுதவனுக்குப் பதில் செலுத்தினால் அது விளைச்சல். தோற்றவன், வென்றவனுக்குச் செலுத்தினால் அது பணிவு. இரண்டிலும் நடப்பது ஒன்றே: கைவசம் இருப்பது கை மாறுகிறது.

நமக்கு இது புதிதே அல்ல. தமிழில் ‘கொடு’ என்ற ஒரே வினை இந்த இரண்டு வேலையையும் செய்துவருகிறது. மரம் காய் கொடுக்கிறது. அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறான். மூங்கில் வளைந்து கொடுக்கிறது. கூட்ட நெரிசலில் ஒருவர் இடம் கொடுக்கிறார். இந்த நான்கு வரியிலும் ஆங்கிலத்தில் ‘யீல்டு’ பொருந்தும். ‘கொடு’வைப் பிடித்துக்கொண்டால் பாதி வழி வந்தாயிற்று.

மீதிப் பாதி நுட்பமானது. எல்லாக் கொடுத்தலும் ‘யீல்டு’ ஆகாது. பிறந்தநாளுக்குச் சட்டை கொடுப்பது ‘கிவ்’ மட்டுமே. ‘யீல்டு’ வரவேண்டுமென்றால் பின்னால் ஓர் அழுத்தம் இருக்கவேண்டும். மண்ணை ஏர் அழுத்துகிறது, கம்பியைப் பாரம் அழுத்துகிறது, மனிதனைப் பிறரின் கோரிக்கை அழுத்துகிறது. போலீஸ் விசாரணையில் துப்புக் கிடைத்தது என்பதற்கு விசாரணை துப்பை ‘யீல்டு’ செய்தது என்று எழுதுவார்கள். அங்கே தேடல் என்ற அழுத்தம் இருக்கிறது. யாரும் தேடாமல் தெருவில் கிடைத்த பர்ஸுக்கு இந்தச் சொல் வராது.

(ஓர் இடைச்செருகல். தொல்காப்பியம் கொடுத்தலை மூன்றாகப் பிரிக்கிறது. தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்டால் ‘ஈ’, ஒத்தவரிடம் கேட்டால் ‘தா’, உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் கேட்டால் ‘கொடு’. அங்கே கேட்பவரின் படிநிலைதான் கணக்கு. ‘யீல்டு’ கணக்கில் எடுப்பது படிநிலையை அல்ல, அழுத்தத்தை.)

இரண்டாம் படி: வாயும் கையும்

உச்சரிப்பை ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். ‘ஈல்டு’ அல்ல, ‘யீல்டு’. முன்னால் வரும் யகரத்தை நம்மில் பலர் விழுங்கிவிடுகிறோம். காதுக்கும் ஆண்டுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களைப் பிரித்துச் சொல்லத் தடுமாறுவதும் இதனால்தான். எழுத்தில் வொய்க்குப் பிறகு ஐ, அதன் பிறகே ஈ. வயலைக் குறிக்கும் ‘ஃபீல்டு’ நினைவிருந்தால் இதுவும் பிழைபடாது. அதிலும் ஐ முந்தி, ஈ பிந்தி. இறந்தகாலம் ‘யீல்டட்’. ஒழுங்கான வினை, விசேஷ வடிவம் எதுவும் கிடையாது.

மூன்றாம் படி: அடுத்த சொல்லைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ‘யீல்டு’ வரும் வாக்கியத்தின் பொருளை அகராதியில் தேடுவதற்கு முன், அதற்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள்.

பின்னால் நேராக ஒரு பொருள் நின்றால், அதாவது பயிர், லாபம், முடிவு, தகவல் என்று ஏதாவது வந்தால், தமிழில் ‘தந்தது, விளைந்தது, கிடைத்தது’. ‘யீல்டு ரிசல்ட்ஸ்’ என்றால் பலன் தருவது. பேச்சுவார்த்தை பலன் தரவில்லை என்று நாளிதழில் படிக்கிறோமே, அதன் ஆங்கில வடிவத்தில் பெரும்பாலும் இந்த வினைதான் இருக்கும்.

பின்னால் ‘டு’ நின்றால், தமிழில் ‘பணிந்தது, இணங்கியது, வழிவிட்டது’. ‘யீல்டு டு பிரஷர்’ நெருக்குதலுக்குப் பணிவது. ‘யீல்டு டு டெம்ப்டேஷன்’ சபலத்துக்கு ஆட்படுவது. சர்க்கரை நோயாளி ஒருவர் மே மாதத்தில் சேலம் கடைவீதியில் மல்கோவாக் குவியலைக் கடந்து போகிறார் என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது சொற்றொடரின் பொருள் விளங்கிவிடும்.

பொருளும் ‘டு’வும் சேர்ந்து வந்தால், அந்தப் பொருளை இன்னொருவர் கையில் ஒப்படைப்பது. அதிகாரத்தை ஒருவருக்கு, நாற்காலியை ஒருவருக்கு.

பின்னால் எதுவுமே இல்லாமல் மொட்டையாக நின்றால்? அப்போது முன்னால் பாருங்கள். எழுவாய் மரமோ நிலமோ என்றால் காய்த்தது, விளைந்தது. எழுவாய் கதவு என்றால், தள்ளத் தள்ளத் திறந்துகொண்டது. எழுவாய் மனிதர் என்றால் இறங்கிவந்தார். என் மாணவரின் தோட்டம் சரணடைந்தது இந்த மொட்டை வாக்கியத்தில்தான்.

இங்கே தமிழர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. நம்முடைய நான்காம் வேற்றுமை உருபு ‘கு’ ஒன்றுதான். ஆங்கிலத்தில் அதற்கு ‘டு’ என்றும் ‘ஃபார்’ என்றும் இரண்டு வாசல். ‘நெருக்குதலுக்கு’ என்று மனத்தில் நினைத்துக்கொண்டு ‘ஃபார் பிரஷர்’ என்று எழுதிவிடுகிறோம். இந்த வினைக்குப் பின்னால் ‘டு’ மட்டுமே வரும்.

அந்த ‘டு’வுக்குப் பின்னால் வினையடியும் வராது. ‘பணம் கட்ட இணங்கினார்’ என்பதை ‘யீல்டட் டு பே’ என்று எழுதக் கூடாது. அங்கே ‘அக்ரீட் டு பே’ போதும். ‘யீல்டு டு’ கேட்பது பெயர்ச்சொல்லை: கோரிக்கைக்கு, வற்புறுத்தலுக்கு, தூக்கத்துக்கு.

நான்காம் படி: விளைச்சல் பக்கம்

சேலத்துக்காரர்களுக்கு இந்தப் பக்கத்தை ஆங்கிலப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘யீல்டு’ பெயர்ச்சொல்லாகவும் வரும். அப்போது அது நம்முடைய மகசூல், காய்ப்பு. நெல்லில் களத்துமேட்டில் அளந்து முடித்த பின் தேறுவதைச் சொல்லும் ‘கண்டுமுதல்’ என்ற சொல்லை எந்த ஆங்கில-தமிழ் அகராதியும் இதற்கு நேராகத் தருவதை நான் பார்த்ததில்லை. ஆனால் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்ற பொருளில் அதைவிடப் பொருத்தமான சொல் வேறில்லை.

மாம்பழத்தை எடுத்துக்கொள்வோம். மல்கோவா சுவையில் ராஜா, காய்ப்பில் கஞ்சன். பெங்களூரா ஏறக்குறைய ஆண்டுதோறும் அள்ளிக் கொடுக்கும். இதை ஆங்கிலத்தில் சொல்ல, ‘ஹை யீல்டு’, ‘லோ யீல்டு’ என்று பெயர்ச்சொல்லாகவும் சொல்லலாம். ‘யீல்ட்ஸ் ஹெவிலி’, ‘யீல்ட்ஸ் பூர்லி’ என்று வினையாகவும் சொல்லலாம். அளவைக் குறிப்பிடும்போது பெயர்ச்சொல்லுக்குப் பின் ‘ஆஃப்’ வரும்: ‘எ யீல்டு ஆஃப்’ இத்தனை குவிண்டால்.

இனி மலைக்குப் போகலாம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்து நட்டவர் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன், காலம் 1820கள். அந்தத் தோட்டங்களில் ‘யீல்டு’ என்ற சொல் இரண்டு வெவ்வேறு கணக்கைக் குறிக்கும். மொழிபெயர்ப்பவர்கள் கவனிக்கவேண்டும். ஒன்று, ஏக்கருக்கு எவ்வளவு பழம் வந்தது என்பது. அராபிகா ஓர் ஆண்டு நிறையக் காய்த்தால் அடுத்த ஆண்டு சோர்ந்துபோகும். மார்ச், ஏப்ரலில் செடியைப் பூக்கவைக்கும் பூ மழை தவறினால் அந்தக் கணக்கும் தவறும். இன்னொன்று, பறித்த பழத்திலிருந்து எவ்வளவு கொட்டை தேறியது என்பது. ஐந்தாறு கிலோ பழத்தைத் தோல் நீக்கிக் காயவைத்து உமி போக்கினால் தோராயமாக ஒரு கிலோ பச்சைக் கொட்டை நிற்கும். முதலாவதற்கு ‘மகசூல்’ என்று எழுதுங்கள். இரண்டாவதற்குத் ‘தேறும் அளவு’ அல்லது ‘தேர்ச்சி’ பொருந்தும். இரண்டுக்கும் ‘மகசூல்’ என்றே போட்டால் கணக்குப் பார்ப்பவர் குழம்பிப்போவார்.

இந்தத் ‘தேறுவது’ என்ற பொருள் ஆத்தூர் பக்கத்துக் குச்சிக்கிழங்கில் (மரவள்ளியில்) இன்னும் தெளிவு. ஜவ்வரிசி ஆலைக்கு வண்டி நிறையக் கிழங்கு போனாலும் ஆலைக்காரர் பார்ப்பது அதிலுள்ள மாவுச்சத்தைத்தான். அந்தச் சத்தை அளக்கும் பாயிண்ட் கணக்கில்தான் விலை. எடை ஒன்று, அதிலிருந்து தேறுவது வேறு. வேதியியல் பாடத்தில் வினையின் முடிவில் கிடைக்கும் பொருளின் அளவை ‘யீல்டு’ என்பதும் இதே எண்ணம்தான்.

மனிதர்களை இந்தப் பக்கத்தில் எழுவாயாக வைக்காதீர்கள். ‘நான் நல்ல மதிப்பெண்ணை யீல்டு செய்தேன்’ என்பது ஆங்கிலம் ஆகாது. உங்கள் உழைப்பு மதிப்பெண்ணை யீல்டு செய்யலாம்; நீங்கள் ‘கெட்’ அல்லது ‘ஸ்கோர்’ மட்டுமே செய்யமுடியும்.

ஐந்தாம் படி: வழிவிடும் பக்கம்

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு வண்டிகள் ஒதுங்கமுடியாத குறுகலில் எதிரெதிரே வந்தால் யார் நிற்பது? இந்தியச் சாலை விதியின்படி, மலைப்பாதையில் இறங்கி வருபவர் நின்று, ஏறிவருபவருக்கு வழிவிடவேண்டும். ஏறுபவர் நின்றால் மறுபடி வண்டியைக் கிளப்பி இழுப்பது கடினம் என்பது வண்டி ஓட்டிய யாருக்கும் தெரியும். இதை ஆங்கிலத்தில் சொல்ல ‘யீல்டு டு’ கச்சிதமான சொல்: இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு ‘யீல்டு’ செய்யவேண்டும். இங்கே தோல்வியும் இல்லை, சரணாகதியும் இல்லை. உரிமை எதிராளிக்கு உண்டு என்பதை ஏற்று ஒதுங்குவது, அவ்வளவே.

அமெரிக்காவில் இந்தச் சொல்லையே பலகையில் எழுதி நட்டிருக்கிறார்கள். முதல் பலகை 1950இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் வந்தது. அதை வடிவமைத்தவர் கிளின்டன் ரிக்ஸ் என்ற போலீஸ் அதிகாரி. தொடக்கத்தில் மஞ்சளாக இருந்த பலகை 1970களில் சிவப்பு-வெள்ளைக்கு மாறியது. நம் ஊரிலும் பிரிட்டனிலும் அதே பொருளுக்கு ‘கிவ் வே’ என்பார்கள். சிவப்புக் கரையிட்ட தலைகீழ் முக்கோணம் அதுதான். ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குப் படிப்பவர்கள் ‘கிவ் வே’ என்றே எழுதுங்கள். அமெரிக்காவில் வண்டி ஓட்டப்போகிறவர்களுக்கு மட்டும் மற்றது.

சாலைக்கு வெளியேயும் இந்த வழிவிடுதல் உண்டு. பழையது ஒதுங்கிப் புதியது வரும்போது எழுத்தாளர்கள் இதை விரும்பிப் போடுவார்கள். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மாட்டுவண்டிகள் லாரிகளுக்கு ‘யீல்டு’ செய்தன. அழகான பயன்பாடு. ஆனால் ஒரு கட்டுரைக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.

ஆறாம் படி: சபையில்

நாடாளுமன்ற விவாதம் பார்ப்பவர்கள் ‘ஐ ஆம் நாட் யீல்டிங்’ என்ற வரியைக் கேட்டிருப்பார்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னோர் உறுப்பினர் எழுந்தால், பேசுபவர் இணங்கி உட்கார்ந்து இடம் கொடுக்கவேண்டும். கொடுக்க விருப்பமில்லை என்றால் வருவது இந்த வரி. ‘நான் பணியமாட்டேன்’ என்று இதை மொழிபெயர்த்தால் வீராவேசமாகிவிடும். ‘குறுக்கிட இடம் தரமாட்டேன்’ என்பதே சரி. அமெரிக்க காங்கிரஸில் ‘யீல்டு தி ஃப்ளோர்’ என்றால் பேசும் உரிமையை விட்டுக்கொடுப்பது; ‘யீல்டு பேக்’ என்றால் மிச்சமுள்ள நேரத்தைச் சபைக்கே திருப்பிக் கொடுப்பது.

ஏழாம் படி: இரும்பும் பத்திரமும்

இவற்றைத் தொழில்காரர்கள் தவிர மற்றவர்கள் வேகமாகத் தாண்டலாம். வீடு கட்டும் முறுக்குக் கம்பியில் எஃப்.ஈ. 500 என்று பொறித்திருப்பார்கள். அந்த 500, சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் என்ற குறைந்தபட்ச ‘யீல்டு’ வலிமை. அந்த எல்லைக்குள் கம்பியை இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும்; தாண்டினால் நீண்டது நீண்டதுதான். கம்பி அறுந்துபோவது வேறு, அது இதற்குப் பிறகு நடப்பது. உருக்காலை ஊரில் இருந்துகொண்டு இந்த இரண்டையும் குழப்பக் கூடாது. இது ‘உடையும் வலிமை’ அல்ல, வளைந்து கொடுக்கத் தொடங்கும் எல்லை.

பத்திரச் சந்தையில் ‘யீல்டு’ என்பது போட்ட பணத்துக்குக் கிடைக்கும் வருவாய் விகிதம். 100 ரூபாய் முகமதிப்புள்ள பத்திரம் ஆண்டுக்கு 7 ரூபாய் வட்டி தருகிறது. அதைச் சந்தையில் 95 ரூபாய்க்கு வாங்கினால் உங்கள் விகிதம் சுமார் 7.37 சதவீதம், 105 ரூபாய்க்கு வாங்கினால் 6.67. வட்டி மாறவில்லை, விலை மாறியதால் விகிதம் எதிர்த்திசையில் நகர்ந்தது. ‘பத்திர யீல்டு உயர்ந்தது’ என்ற செய்தியைப் படித்து, பத்திர விலை உயர்ந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

எட்டாம் படி: அக்கம்பக்கத்துச் சொற்கள்

பணியும் பொருளில் ஆங்கிலத்தில் ஒரு தெருவே இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு எண் போட்டால் தபால் தவறிப்போகும்.

‘சரண்டர்’ முழுத் தோல்வி. ஆயுதத்தைக் கீழே போடுவது. ‘யீல்டு’ செய்தவர் மறுநாள் மறுபடி எழுந்து நிற்கலாம், ‘சரண்டர்’ ஆனவரின் கதை முடிந்தது. ‘சப்மிட்’ அதிகாரத்துக்கு அடங்குவது. ‘கிவ் இன்’ வீட்டுப் பேச்சு: பேரன் மாம்பழம் கேட்டு அரைமணி நேரம் அழுதான், பாட்டி இறங்கிவந்தாள். அங்கே ‘யீல்டு’ போட்டால் பாட்டி மந்திரிசபையில் இருப்பவர்போலத் தோன்றுவார். ‘சக்கம்’ (succumb) தாங்கமுடியாமல் வீழ்வது. விபத்துச் செய்திகளில் இந்தச் சொல் வந்தால் காயமடைந்தவர் இறந்துவிட்டார் என்று பொருள். பாதிப்பேர் இதைக் கவனிக்காமல் ‘காயங்களுக்குப் பணிந்தார்’ என்று எழுதுகிறார்கள். ‘கன்சீட்’ வாயால் ஒப்புக்கொள்வது, தேர்தல் தோல்வியை ஏற்பதுபோல. ‘ரிலென்ட்’ கடுமை தளர்வது. கல்யாணத்துக்குச் சம்மதிக்காத அப்பா ஒருநாள் மனம் இரங்குவதற்கும், விடாமல் பெய்த மழை சற்றுத் தணிவதற்கும் அதே சொல்.

‘சீட்’ (cede) என்று ஒன்று உண்டு. உட்காரும் சீட் அல்ல. நிலத்தை, ஆட்சிப்பகுதியை, உடன்படிக்கை எழுதி விட்டுக்கொடுப்பது. அதற்கு எங்கள் மாவட்டமே உதாரணம். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பாராமகாலையும் சேலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். வரலாற்றுப் புத்தகங்கள் அங்கே எழுதுவது பெரும்பாலும் ‘சீட்’ என்ற வினையைத்தான்.

‘யீல்டு’வுக்குள்ளேயே இரண்டு அழகான வழக்குகள் மிச்சமிருக்கின்றன. ‘யீல்டு டு நோ ஒன்’ என்றால் யாருக்கும் சளைக்காதவர். ‘அவரை மதிப்பதில் நான் யாருக்கும் சளைத்தவன் அல்லன்’ என்று மேடையில் சொல்வோமே, அதே. கூடவே ஓர் ‘ஆனால்’ வந்து அந்த மனிதரைக் குறைசொல்வதும் இரண்டு மொழியிலும் வழக்கம். மற்றது ‘யீல்டு அப்’. புதைந்தது, மறைந்தது வெளியே வருவது: பழைய ஊர்மேடு தாழிகளைத் தந்தது. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளின் மத்தேயு நற்செய்தியில் இயேசு உயிர்விடும் இடத்திலும் இதே வினைதான். தமிழ் பைபிளில் அங்கே ‘ஆவியை விட்டார்’ என்று இருக்கிறது. ‘கொடு’ ஓரமாக ஒதுங்கி, ‘விடு’ முன்னால் வந்து நிற்கும் இடம் அது.

ஒன்பதாம் படி: கை பழக

கீழே உள்ளவற்றை நீங்களே ஆங்கிலப்படுத்திவிட்டு என் விடையோடு ஒப்பிடுங்கள்.

‘பல சுற்றுப் பேச்சுக்குப் பிறகும் பயன் இல்லை.’ ‘டு’ வேண்டாம். ‘யீல்டு’வுக்குப் பின் நேராகப் பலன்.

‘ஊர் மக்களின் எதிர்ப்புக்கு நிர்வாகம் பணிந்தது.’ ‘டு’ வேண்டும். ‘ஃபார்’ எழுதியிருந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

‘அவர் பிடிவாதக்காரர், அசையமாட்டார்.’ ஒரே சொல் போதும்: ‘அன்யீல்டிங்’. பாறைக்கும் பொருந்தும், சில அப்பாக்களுக்கும் பொருந்தும்.

‘மெத்தை உட்கார்ந்ததும் அமுங்கியது.’ மொட்டை ‘யீல்டு’, எழுவாய் மெத்தை.

‘நன்றாகக் காய்த்த தோட்டத்தின் பழத்தை ஏற்றிக்கொண்டு இறங்கிய ஜீப், ஏறிவந்த பஸ்ஸுக்கு வழிவிட்டது.’ காய்த்ததற்கும் வழிவிட்டதற்கும் ‘யீல்டு’ பொருந்தும் என்பதால் இரண்டு இடத்திலும் போட்டிருப்பீர்கள். இலக்கணப் பிழை இல்லை, ஆனால் ஒரே வாக்கியத்தில் இருமுறை வந்தால் படிப்பவர் தடுமாறுவார். தோட்டத்துக்கு ‘யீல்டு’வை வைத்துக்கொண்டு, ஜீப்புக்குக் ‘கிவ் வே’ கொடுத்துவிடுங்கள்.